பாப்பாவுக்கு ஆகாதது

12.7.2006, புதன்

காலை பத்து மணிக்கே அனல் காற்று. கொடியில் போட்ட துணி அரை மணியில் விறைத்துவிட்டது.

மதுரை டாக்டரம்மா எழுதச் சொன்னதால் இந்த நோட்டு. 20-ஆம் தேதி பாப்பாவுக்குத் தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி சோதனை. அதுவரை அரிப்பு சிரப் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் சோதனை சரியாகக் காட்டாதாம். நாள், நேரம், தின்றது, தொட்டது, யார் தூக்கினார்கள், எல்லாம் குறிக்க வேண்டும். "சின்ன விஷயம்னு விட்டுராதீங்க" என்றார்.

பாப்பா, இரண்டு வயது ஒன்பது மாதம்.
8.00 - இட்லி ஒன்றரை. கடலைச் சட்னி வைத்தேன், துப்பினாள். முதுகில் ஒன்று வைத்தேன். சீனி தொட்டுத் தின்றாள்.
11.00 - பால்.
1.15 - பருப்புச் சோறு, நெய்.
4.30 - வாழைக்காய் பஜ்ஜி ஒன்று.
5.00 - கழுத்தைச் சொறிந்தாள். சிறு தடிப்பு, மூன்று. அடங்கியது.
6.10 - அவர் வந்தார். தொடவில்லை.

டாக்டரம்மா தேடட்டும். எனக்குப் பதில் தெரியும். மருந்து.

அவர் அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குபவர். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள். நான் பி.எஸ்ஸி. வேதியியல். ஒவ்வொன்றுக்கும் குறியீடு எழுதுவேன். தை மாதம் பாப்பாவுக்கு முதல் தடிப்பு வந்தபோதே சொல்லிவிட்டேன், உங்கள் உடுப்பில் வரும் தூசிதான் என்று. சட்டம் போட்டேன். கம்பெனியிலேயே உடுப்பு மாற்ற வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மறுபடி குளியல். தொண்டையில் தங்கிய தூசி போக வெல்லம். மருந்துத் தூசிக்கு வெல்லம் நல்லது என்று இங்கே எல்லாரும் சொல்வது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் எல்லாம் செய்தார்.

அப்படியும் ஜூன் 5 அன்று பாப்பா அவர் சோற்றுப் பையைத் தலையில் கவிழ்த்து விளையாடினாள். பத்து நிமிடத்தில் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. வாந்தி. மூச்சு விசில் மாதிரி. சாத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பக்கம், அதனால் பிழைத்தாள். பையில் மருந்துத் தூசி. வேறென்ன இருக்க முடியும்? அன்றிலிருந்து, குளித்தாலும் தொடக் கூடாது என்றேன்.

இன்றோடு முப்பத்தேழு நாள். அவர் வாசற்படியில் உட்காருவார். பாப்பா உள்ளே. நடுவில் ரப்பர் பந்து. அவர் உருட்டுவார், நான் துடைத்துக் கொடுப்பேன், அவள் உருட்டுவாள்.

அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவர் கை நீட்டினால் தானே பின்னால் போகிறாள். "அப்பா மருந்து. தொடக் கூடாது."


14.7, வெள்ளி

காற்று நிற்கவில்லை. கண்ணெல்லாம் மண்.

பாப்பா: இட்லி, பால், ரசச் சோறு, வாழைப்பழம், பிஸ்கட் 2. தடிப்பு இல்லை.

அச்சங்குளத்திலிருந்து நாத்தனார் வந்தார்கள். அவருடைய அக்கா. அதே கம்பெனியில் திரி வைக்கும் வேலை. தம்பி வாசலில் பந்தோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்கள்.

"ஏ செல்வி, படிச்ச புள்ளன்னு தேடிப் பிடிச்சுக் கட்டி வச்சோம். என் தம்பியப் பிச்சக்காரன் மாதிரி வாசல்ல ஒக்கார வச்சிட்டியே."

"பிள்ளைக்கு ஆகல மதினி. ஜூன்ல பாத்தீகள்ல?"

"எங்கய்யாவும் மருந்துதான் கலக்குனாரு. என்னைய மடியிலயே போட்டு வளத்தாரு. எனக்கென்ன சொறியா புடிச்சிருக்கு?"

"விடுக்கா" என்றார் அவர்.

"நீ பேசாதலே. பேச வேண்டிய இடத்துல பேச மாட்ட. அங்கன கொட்டகைக்குள்ள வாயடைச்சு இருந்து இருந்து ஒனக்குப் பேச்சே மறந்து போச்சு."

நாத்தனார் போன பிறகுதான் சொன்னார். பேக்கிங் பிரிவுக்கு மாற்றச் சொல்லி போர்மேனிடம் கேட்டிருக்கிறாராம். சீசன் நேரம், கலக்குகிற ஆள் கிடைக்காது, தீபாவளி கழியட்டும் என்றாராம் போர்மேன்.

பதிமூன்று வருடம் பழகிய வேலை. நான் கேட்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.


16.7, ஞாயிறு

கம்பெனி லீவு. இட்லி, கறிக்குழம்பில் நனைத்த சோறு (கறி தின்னவில்லை), பால், தோசை. தடிப்பு இல்லை.

"லீவு நாள் - தடிப்பு இல்லை" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். ஏதோ ஜெயித்த மாதிரி இருந்தது. அடிக்கோட்டை ரப்பர் வைத்து அழித்தேன். பேனா மை, போகவில்லை.


18.7, செவ்வாய்

விடியற்காலை மேகம். எட்டு மணிக்கு இடி. ஆடி பிறந்து இரண்டாம் நாள், யாரும் எதிர்பாராத மழை.

இடி மின்னல் என்றால் பட்டாசுக் கம்பெனியில் ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். காற்றில் ஈரம் என்றால் கலக்கவே தொடங்க மாட்டார்கள். 11.20-க்கு வேன் தெருமுனையில் நின்றது. அவர் வாசலில் நின்றார், நனைந்து. முகம் ஒரு மாதிரி, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை போல.

"செல்வி, இன்னைக்கு மருந்துக் கொட்டகைப் பக்கமே போகல. உடுப்புக்கூட மாத்தல. மழை விடுமான்னு கேட்டுலயே நிக்க வச்சுத் திருப்பி அனுப்பிட்டாக."

உள்ளே பாப்பாவைப் பார்த்தார்.

"தூக்கவா?"

யோசித்தேன். தூசியே தொடாத நாள். எந்த வகையில் பார்த்தாலும் சரிதான். "குளிச்சிட்டு வாங்க" என்றேன். அதற்குள் துண்டை எடுத்திருந்தார்.

11.50 - தூக்கினார். முதலில் பாப்பா மரக்கட்டை போல விறைத்தாள். "அப்பா மருந்து." "இன்னைக்கு இல்ல கண்ணு" என்றேன். மெல்ல மெல்லத் தோளில் சாய்ந்தாள். அவர் கன்னத்தில் முத்தம் வைத்தார். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், நெற்றி. மீசை குத்தி அவள் சிரித்தாள். நாற்பத்து மூன்று நாள்.

12.02 - இடது கன்னம் சிவப்பு.
12.05 - இரண்டு கன்னமும். தடிப்பு, முத்தம் வைத்த இடத்தில் எல்லாம்.
12.08 - மேலுதடு வீக்கம். இரண்டு இருமல்.

அவர் அவளைப் பாயில் வைத்த விதம். மருந்துச் சட்டியை இறக்கி வைக்கும்போது அப்படித்தான் வைப்பாராய் இருக்கும். வைத்துவிட்டு, கைகளை உடம்பில் ஒட்டாமல் விரித்துக்கொண்டு, மழைக்குள் போய் நின்றார்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பூத்துக்கு ஓடி மதுரைக்குப் போன் போட்டேன். நர்ஸ் எடுத்தார். "மூச்சு இழுக்குதா? குரல் மாறுதா? வாந்தி?" இல்லை, இல்லை, இல்லை. "மறுபடி இருமுறாளா?" இல்லை. "அப்ப கண்ண எடுக்காம பக்கத்துலயே இருங்க. மூணுல ஒண்ணு வந்தாலும் டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு பாக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

பாப்பாவை மடியில் வைத்து கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். 2.15-க்கு உதடு வற்றியது.

மருந்தே தொடாத நாள். அப்படியென்றால்? திரும்பத் திரும்பப் படித்தேன், நானே எழுதியதை. ஒன்றும் விளங்கவில்லை.

சாயந்தரம் வாசற்படியிலிருந்தே சொன்னார்: "பதிமூணு வருசமாச்சுல்ல செல்வி. ஒடம்புக்குள்ளயே ஊறிப்போச்சு போல. குளிச்சா போகாது."

"அப்படியெல்லாம் கிடையாது" என்று சொல்ல நான் படித்த படிப்பு இருந்தது. சொல்லவில்லை. எனக்கும் அந்த நேரம் அப்படித்தான் தோன்றியது.


20.7, வியாழன்

மதுரை. 5.40 பஸ். அவரும் வந்தார், இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்து.

அவருடைய வேலைச் சட்டையில் ஒரு துண்டு வெட்டி, துவைக்காமல், பாலிதீன் உறையில் போட்டுக் கொண்டு போனேன். "இதையும் சோதிக்க முடியுமா டாக்டர்?" டாக்டரம்மா சிரிக்கவில்லை. பாப்பாவின் முதுகில் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார். பிறகு முன்கையில் எட்டுச் சொட்டு, எட்டுச் சிறு குத்து. பால், முட்டை, கோதுமை, கடலை, தூசிப்பூச்சி, இன்னும் என்னென்னவோ. பதினைந்து நிமிடம் சொறியவிடக் கூடாது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தள்ளி நின்று, வாயால் ரயில் ஓட்டிக் காட்டினார்.

நான்காவது குத்து மட்டும் எழும்பியது. ஒரு ரூபாய் அகலத்துக்கு, சுற்றிலும் சிவந்து.

டாக்டரம்மா ஸ்கேல் வைத்து அளந்தார். "நிலக்கடலை."

"கடலையா?"

"கடலை. வேற எதுவும் இல்ல."

"எங்க ஊர்ல எண்ணெயே அதுதான் டாக்டர்."

"தெரியும்மா. அதான் அங்கங்க தடிப்பு. செக்குல ஆட்டுன எண்ணெயில கடலைச் சத்து இருக்கும், அதுவே போதும்."

சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறக்கக் கூடாது:
- கடலை விஷம் இல்லை. இவள் உடம்பு மட்டும் அதை எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது.
- துளி போதும். தின்ன வேண்டும் என்றுகூட இல்லை. தின்றவர் வாய், கை, கரண்டி போதும்.
- போன தடவை தடிப்புதான் என்றால் அடுத்த தடவையும் தடிப்புதான் என்று நம்பக் கூடாது.
- கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குகிறேன் என்று வீட்டில் யாரும் கிளம்பக் கூடாது.
- முந்திரி, பாதாம் வேண்டாம், பிறகு சோதிக்கலாம். பருப்பு, பொரிகடலை, தேங்காய் இப்போது ஒத்துக்கொள்கிறது, தொடரலாம்.
- சிலருக்கு வளர வளரப் போகும். பலருக்குப் போகாது. ஐந்து வயதுக்கு மேல் மறுபடி சோதனை.

டாக்டரம்மா பிளாஸ்திரியைப் பிரித்தார். முதுகு வெறுமனே இருந்தது. "இந்தத் தூசி நெஞ்சுக்கு நல்லதில்ல, குளிச்சிட்டு வர்றது நல்ல பழக்கம். ஆனா இந்தப் பிள்ளைக்கு வர்றது இதனால இல்ல."

அவர் டாக்டரம்மாவிடமிருந்து அந்தத் துணித் துண்டை வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் கடலைக்காரர் ஜன்னலுக்குத் தட்டைத் தூக்கினார். "கடலேய், வறுத்த கடலேய், சூடா..." ஷட்டரை இழுத்து மூடினேன். எத்தனை தடவை இதே ஜன்னலில் வாங்கித் தின்றிருக்கிறேன்.

பஸ் கிளம்பிய பிறகு அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாப்பா என் மடியில் தூக்கம்.

"செல்வி. வெல்லம் திங்கச் சொன்னேல்ல."

"ஆமா."

"வெறும் வெல்லம் திகட்டுச்சு. வேன் நிக்கிற கடையில கடலை மிட்டாய்தான் வாங்குவேன். அதுலயும் வெல்லந்தானன்னு. பையிலயும் ரெண்டு கெடக்கும். வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு ஒண்ணு. ஒரு நாள் விடல. நீ சொன்னயேன்னு."

"அன்னைக்கு, மழையன்னைக்கு?"

"அன்னைக்கும்."

தூசிக்குப் பயந்து நான் சொன்ன வைத்தியம். நான் பயப்படப் பயப்பட அவர் கடலை தின்றிருக்கிறார். ஜூன் 5 பையில் இருந்ததும் அதுதான்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கம், முதல் வரி: கடலைச் சட்னி வைத்தேன், துப்பினாள், முதுகில் ஒன்று வைத்தேன். பிள்ளை சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.


21.7, வெள்ளி

பிள்ளையார் படம், அடுப்பு தவிர சமையலறையில் எல்லாம் வெளியே.

போனவை: கடலை எண்ணெய் டின் (முக்கால்). இட்லிப் பொடி. சேவு டப்பா. மர அகப்பை. எண்ணெய் குடித்த தோசைக்கல். பஜ்ஜிச் சட்டி. மிக்ஸி ஜார் இரண்டு.

நல்லெண்ணெய் வாங்க செக்குக்குப் போனேன். நல்ல வேளை, கேட்டேன். "ஒரே செக்குதான் தாயி. காலையில கடலை ஆட்டுவோம், அப்புறம் எள்ளு. மொத ரெண்டு படிய ஒதுக்கிருவோம், சுத்தமாத்தான் இருக்கும்." ஒதுக்கினாலும் வேண்டாம் என்று திரும்பி வந்தேன். கடையில் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட். அவருக்கு வாசனையே பிடிக்கவில்லை, சொல்லவில்லை, தோசையை மூன்றோடு நிறுத்தினார்.

பக்கத்து வீட்டம்மா டின்னைப் பார்த்துவிட்டு: "கடலை ஆகாதா? இந்த ஊருல பொறந்துட்டு? தண்ணி ஆகாத மீனு மாதிரில்ல இருக்கு." சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு அவர்களே, "எம்பேரன் முறுக்கக் கொண்டாந்து நீட்டிருவான், அவன் கைய நான் பாத்துக்கிடுறேன்" என்றார்கள்.

நாத்தனாருக்குப் போனில் சொன்னேன். நிலக்கடலை, சோதனை, எண்ணெய் எல்லாம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார்கள்.

"அப்ப என் தம்பி கை சுத்தந்தான்னு ஆச்சுல்ல?"

"ஆச்சு மதினி."

"அத மொதல்ல சொல்ல மாட்டியா." அழுதார்கள் என்று நினைக்கிறேன். போனில் தெரியவில்லை.


24.7, திங்கள்

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த ஊசி மருந்து, அட்ரினலின். வெளியூரிலிருந்து வரவழைத்தார் மெடிக்கல்காரர். சின்னக் கண்ணாடிக் குப்பி, இரண்டு. சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று டாக்டரம்மா சிவப்பு மையால் அடையாளம் வைத்துக் கொடுத்திருக்கிறார். வெயில் படக் கூடாது. துணியில் சுற்றி டிபன் டப்பாவில், பாப்பா போகும் இடமெல்லாம்.

சுவரில் ஒட்டியது:
கடலை பட்டு, மூச்சு இழுத்தால் / குரல் மாறினால் / திரும்பத் திரும்ப வாந்தி / துவண்டால் - யோசிக்காதே. தொடையின் வெளிப்பக்கம். படுக்க வை. மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வை. நடக்க விடாதே. சரியானாலும் ஆஸ்பத்திரி. சிரப்பை நம்பி நேரம் கடத்தாதே.

ஆஸ்பத்திரி நர்ஸிடம் வாங்கிய தேதி முடிந்த தண்ணீர்க் குப்பிகளை வைத்துப் பழகினேன். கழுத்தை ஒடிக்க வேண்டும். முதல் குப்பி விரலில் நொறுங்கியது, ரத்தம். இரண்டாவதும். சாத்துக்குடியில் ஊசி குத்தினேன், கை ஆடி வெளியே பீய்ச்சியது.

அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குப்பியை எடுத்தார். துணியைச் சுற்றி, கட்டை விரலை வைத்து, சத்தமே இல்லாமல் ஒடித்தார். தண்ணீரை ஏற்றி, சிவப்புக் கோட்டில் ஒரு மயிரிழை மேலே கீழே இல்லாமல் நிறுத்தினார். நான் பார்த்ததே இல்லை, அவர் வேலை செய்வதை. கொட்டகையில் ஓடக் கூடாது, உரசக் கூடாது, எதையும் கீழே போடக் கூடாது, அவசரம் என்று ஒன்று கிடையாது. அந்தக் கை.

"நீங்களே போடலாம் போலருக்கே."

"நான் பகல்ல வீட்டுல இருப்பேனா? நீதான் பழகணும்."

இன்று ஏழு தடவை. ஏழாவது சுமார்.

இன்னொன்று. வெள்ளியிலிருந்து கடலை வாயில் வைப்பதில்லை, பல் தேய்த்துவிட்டு வருகிறார், தூக்கலாம் என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். தூக்கவில்லை. பக்கத்தில் உட்காருகிறார், பாப்பா சாய வந்தால் கைகள் தானாகப் பின்னால் போகின்றன. அவளும் அப்படியே. "அப்பா மருந்து" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள், ஏதோ பாட்டு மாதிரி. "இல்ல கண்ணு, அம்மா தப்பாச் சொல்லிட்டேன்" என்றால் விளங்குமா? எண்ணெயை மாற்றினேன், சட்டியை மாற்றினேன்.


28.7, வெள்ளி

பாப்பா: எட்டு நாளாகத் தடிப்பே இல்லை. கழுத்துச் சொறி காய்ந்து வழுவழுவென்று. எண்ணெய்தான்.

ஞாயிறு அச்சங்குளத்தில் அம்மன் கோவில் பொங்கல். போக வேண்டாம் என்று இருந்தேன். நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டார்கள்.

"என்னென்ன ஆகாதுன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடு. எம்மகன் படிச்சுச் சொல்லுவான்."

எழுதினேன். எண்ணெய், சட்டி, கரண்டி, பொடி, கை கழுவுவது. கோவில் பிரசாதம் எதுவும் வேண்டாம்.

"எண்ணெ டின்னத் தூக்கி எதிர்த்த வீட்டுல வச்சிட்டேன். புதுப் பாக்கெட்டு, புதுச் சட்டி. ஒரு மணிக் கடலை என் வீட்டுல கெடந்தா என் பேர மாத்திக் கூப்புடு. வா தாயி. பிள்ளைய பெட்டியிலயா பூட்டி வைக்கப் போற?"

சரி என்றேன்.


31.7, திங்கள்

நேற்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். டாக்டரம்மாவுக்கும் வேண்டும்.

12.40 - நாத்தனார் வீடு. பாப்பாவுக்குத் தனியாக இட்லி, தேங்காய்ச் சட்னி. சட்டி புதிது, கரண்டி புதிது, நானே பார்த்தேன்.
12.45 - மூன்றாம் வாயைத் தள்ளினாள். "முள்ளு" என்று தொண்டையைக் காட்டினாள். இட்லியில் ஏது முள்? இந்தத் தடவை நான் அடிக்கவில்லை.
12.47 - வாந்தி. கழுத்தெல்லாம் சிவப்பு.
12.49 - மறுபடி வாந்தி. இருமல். அழுகைச் சத்தம் மாறியது, கரகரவென்று, கிழவி போல. மூச்சில் விசில்.

டப்பாவைத் திறந்தேன். சுவரில் ஒட்டியது முழுக்க மனப்பாடம். யோசிக்காதே என்பதும். குப்பியைப் பிடித்தேன், ஒடித்தேன், நொறுங்கியது. மருந்து முழுக்க என் சேலையில். இரண்டு குப்பிதான். இரண்டாவதை எடுத்தேன். எனக்குத் தெரியும், இதையும் நொறுக்கப் போகிறேன் என்று.

அவர் வெளியே பந்தல் பக்கம் இருந்தார். யாரோ கத்தினார்கள். வந்தார். எல்லாரும் ஓடினார்கள், அவர் மட்டும் நடந்துதான் வந்தார். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குப்பியை எடுத்தார்.

"செல்வி. கால மட்டும் பிடி. நீ வேற எதையும் பாக்காத."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு, "ஏலே சீக்கிரம்லே, சீக்கிரம்லே."

"சத்தம் போடாதக்கா."

ஒடித்த சத்தம் கேட்கவில்லை. ஏற்றினார், வெளிச்சத்துக்குத் தூக்கிக் கோட்டைப் பார்த்தார், அந்த நேரத்திலும் பார்த்தார். முழங்காலில் உட்கார்ந்து, இடது கையால் பாப்பாவின் தொடையைப் பிடித்தார். பிடித்தார். குத்தினார்.

12.53.

பிறகு உள்ள நிமிடங்களை எழுத முடியாது. மூன்றோ நான்கோ. உதடு நீலம் போலிருந்தது, போலத்தான், எனக்குப் பயத்தில் அப்படியா தெரியாது. கம்பெனி வேனை யாரோ கொண்டு வந்தார்கள். அவர் பாப்பாவை மார்பில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பொட்டல் வழியாகப் போய்க்கொண்டிருந்தபோது விசில் குறைந்தது. பாப்பா கண்ணைத் திறந்து, யார் மடி என்று பார்த்தாள். தொடையைப் பார்த்தாள். பிறகு அவரை அடிக்க ஆரம்பித்தாள்.

முகத்தில், மூக்கில், இரண்டு கையாலும். "அப்பா குத்துனே. நீ குத்துனே." குரல் திரும்பியிருந்தது.

"குத்துனேன் தாயி. அடி. நல்லா அடி" என்றார். மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுக, துடைக்காமல் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் சாயந்தரம் வரை வைத்திருந்தார்கள். சரியானாலும் சில மணி நேரத்தில் மறுபடி வரலாமாம், வரவில்லை. நர்ஸ் கேட்டார்: "யாரு ஊசி போட்டது?"

"நாந்தாங்க."

"கம்பவுண்டரா இருக்கீகளா?"

"இல்லங்க. பட்டாசுக் கம்பெனி."

நர்ஸ் அவர் கையைப் பார்த்தார். நகக் கண்ணில் வெள்ளி நிறம், அது எத்தனை குளித்தாலும் போகாதது.

நாத்தனார் வராந்தாவில் தரையில். "கொல்லப் பாத்தேனே பாவி. புதுச் சட்டி வாங்குனேனே, புது எண்ண வாங்குனேனே." தேங்காயை மிக்ஸியில் அரைத்திருக்கிறார்கள். முந்தின நாள் அதே ஜாரில் கடலைச் சட்னி. கழுவித்தான் வைத்தார்களாம். அடியில் ரப்பர் வளையம், அதற்குள் தங்கியிருக்கும்.

என் வீட்டு ஜாரை 21-ஆம் தேதியே வெளியே போட்டவள் நான். நாத்தனாருக்கு எழுதிக் கொடுத்த சீட்டில் ஜார் இல்லை. எண்ணெய், சட்டி, கரண்டி, பொடி, கை. ஜார் இல்லை. பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து சொன்னேன், "மதினி, சீட்டு எழுதுனது நான்." அவர்கள் கேட்கவில்லை, அழுதுகொண்டே இருந்தார்கள். நாளைக்கு மறுபடி சொல்ல வேண்டும்.


1.8, செவ்வாய்

காற்று இல்லை. புழுக்கம்.

வாங்க: குப்பி நான்கு (இரண்டு போதாது). நாத்தனாருக்குப் புது ஜார். மதுரைக்குப் போன்.

பாப்பா: இட்லி இரண்டு, சீனி. பால். தடிப்பு இல்லை. தொடையில் ஊதா நிறத்தில் சிறு புள்ளி, பக்கத்து வீட்டம்மா, பால்காரர், வந்தவர் போனவர் எல்லாருக்கும் பாவாடையைத் தூக்கிக் காட்டி, "எங்கப்பா குத்துனாரு."

அவரோடு மட்டும் பாப்பா பேசவில்லை. நேற்று முழுக்க முகம் திருப்பினாள். இன்று காலை அவர் வாசலில் செருப்புப் போட நின்றபோது நேராகப் போனாள். அவர் வெறுங்கால்மேல் ஏறி நின்று மிதித்தாள். ஒரு காலில் ஒன்று, மறு காலில் ஒன்று, விழாமல் இருக்க அவர் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

தெருமுனையில் வேன் ஹாரன். அவர் அசையவில்லை. மறுபடி ஹாரன்.

"போங்க, வேன் போயிரும்" என்றேன்.

"இருக்கட்டும். அவ முடிக்கட்டும்."